எழுத்தும் எந்திரமும்: இணையத்தளக் கருவிகளின் வரலாற்றில் உடைமைப் பிரச்சினை

ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிற் சென்னைக்குச் சென்று, அச்சியந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கிவந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார் என்பது நம்மிற் பலர் பள்ளிப் பருவத்திலேயே படித்த செய்தி. அச்செயலின் பொருளை நாம் முழுமையாக உணர்ந்திருக்கிறோமா என்பது ஐயமே. நாவலர் காலத்து யாழ்ப்பாணத்தில் அச்சியந்திரம் இருந்தது. மிஷனரிமார் அதனை வைத்திருந்தனர். தமிழில் எழுதவல்லாரும் இருந்தனர். எழுதுவோர் தாமே ஆளும் யந்திரம் ஒன்றுதான் இல்லாதிருந்தது. பிறருடைய யந்திரத்தில் அச்சிடுபவர், எதனை அச்சிடலாம், எவ்வளவு காலம் அச்சிடலாம் என்பனவற்றையும் பிறரிடமே கேட்டு நிற்கவேண்டும். நாவலர் இதனைத் தெளிவாக உணர்ந்திருந்தார்.

இன்று நமது எழுத்திற் பெரும்பகுதி தாளைவிட்டு இணையத்திற்கு இடம்பெயர்ந்துவிட்டது. கிராமத்துச் சனசமூக நிலையம் ஒன்று தனது நாற்பதாண்டுக் கால அறிக்கைகளையும், விழா மலர்களையும், நிழற்படங்களையும் இணையத்தில் ஏற்ற விழைகின்றதெனக் கொள்வோம். எந்தக் கருவியைக் கொண்டு தளத்தை அமைப்பது என்ற கேள்வி முதலில் எழும். கணினி பயின்ற இளைஞர் ஒருவரிடம் அக்கேள்வி ஒப்படைக்கப்படும். எது எளிது, எது அழகு, எது மலிவு என்ற மூன்று அளவைகளைக் கொண்டு அவர் விடை கூறுவார். அளவைகள் மூன்றும் வேண்டியவையே. எனினும் நிலையத்தின் நாற்பதாண்டு நினைவு இன்னும் நாற்பது ஆண்டுகள் நிலைக்குமா என்ற வினாவுக்கு அவற்றில் எதுவும் விடை தருவதில்லை. அவ்விடை கருவியின் உடைமை பற்றியது. கடந்த முப்பத்தைந்து ஆண்டுக்கால வரலாற்றை ஆராய்வோர்க்கு இவ்வுண்மை புலனாகும்.

பொதுவுடைமையாகப் பிறந்த வலை

ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையமான சேர்ண், சுவிற்சலாந்தின் ஜெனீவா நகருக்கு அருகில் உள்ளது. அங்குப் பணியாற்றிய ரிம் பேர்னேர்ஸ் லீ என்னும் ஆங்கிலேயர், ஆய்வாளரின் ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் திட்டமொன்றை 1989 மார்ச்சில் முன்வைத்தார். 1990ஆம் ஆண்டின் இறுதியில் அவர் ஆக்கிய முதலாவது உலாவி, பக்கங்களை வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒருங்கே பயன்பட்டது. வாசகனே எழுத்தாளனாகவும் இருக்கவேண்டும் என்பது வலையின் மூல எண்ணமாயிருந்தது என்பதை நாம் மனங்கொள்ளுதல் வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகம் கோஃபர் என்னும் வேறொரு முறையை 1991இல் வெளியிட்டிருந்தது. தொடக்கத்தில் வலையைவிடக் கோஃபரே பரவலாக வழங்கிற்று. 1993இன் முற்பகுதியில் அப்பல்கலைக்கழகம் தனது சேவையக மென்பொருளைப் பயன்படுத்தும் சிலரிடம் உரிமக் கட்டணம் பெறப்போவதாக அறிவித்தது. அதனைக் கேட்டோர் அஞ்சினர். அதே ஆண்டு ஏப்ரில் 30ஆம் நாள் சேர்ண் நிலையம் வலையின் மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனப் பொதுவுடைமையாக்கிற்று. சில ஆண்டுகளுட் கோஃபர் ஏறக்குறைய மறைந்தது. வலையின் வெற்றிக்கு வேறு காரணங்களும் உள. ஆயினும் உடைமை பற்றிய ஐயம் ஒரு கருவியை எவ்வளவு விரைவாக வீழ்த்தும் என்பதற்கு இது முதற் சான்று.

வாசிப்பும் எழுத்தும் ஒன்றாயிருந்த நிலை நீடிக்கவில்லை. 1993இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் மீக்கணினி நிலையத்தில் மார்க் அண்டிறீசன், எரிக் பினா ஆகியோர் உருவாக்கிய மொசெயிக் உலாவி படங்களையும் எழுத்தையும் ஒரே பக்கத்திற் காட்டிப் பெரும்புகழ் பெற்றது. அதில் எழுதும் வசதி இல்லை. பலவகைக் கணினிகளிலும் இயங்கக்கூடிய பதிப்புக்கருவியை ஆக்குதல் அக்காலத்திற் கடினமாயிருந்தது. இவ்வாறு வாசிக்கும் கருவி ஒன்றாகவும் எழுதும் கருவி வேறொன்றாகவும் பிரிந்தன. அப்பிரிவினாற் பிறந்த இடைவெளியிலேதான் பின்வந்த வாணிபம் முழுவதும் குடியேறிற்று எனலாம்.

கையால் எழுதிய பக்கங்கள்

தொடக்கத்தில் வலைப்பக்கம் எழுதுவோர் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியைக் கற்று, ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனிக் கோப்பாகத் தம் கையாலேயே எழுதினர். தலைப்பு இது, பந்தி இது, இணைப்பு இது என எழுத்துக்கு இருபுறமும் குறியிடுவதே அம்மொழியின் இயல்பு. பொறுமையுள்ள ஒருவர் சில நாட்களில் அதனைக் கற்றுக்கொள்ளலாம்.

பொதுமக்களுக்கு இதனை எளிதாக்கியது 1994இல் அமெரிக்காவில் தோன்றிய ஜியோசிற்றீஸ் நிறுவனம். அது எவருக்கும் இலவசமாக இடமளித்தது. பாடகர் ஒருவரைப் போற்றுவோர், நோயொன்றுடன் போராடுவோர், தம் ஊரின் வரலாற்றைத் தொகுப்போர் எனச் சாதாரண மக்கள் அங்குக் கோடிக்கணக்கான பக்கங்களை எழுதிக் குவித்தனர். பத்திரிகைகள் ஒருபோதும் இடங்கொடாத மனிதர் அச்சகத்தின் வாயிலைக் கடந்து உள்ளே வந்த காலம் அது. 1999இல் யாஹூ நிறுவனம் ஏறக்குறைய 360 கோடி டொலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஜியோசிற்றீசை வாங்கிற்று. அப்பெறுமதியை உண்டாக்கியது எழுதியவரின் உழைப்பே. விற்பனையில் அவர்களுக்குப் பங்கோ சொல்லோ இருக்கவில்லை.

குறிமொழியைக் கல்லாதவர்க்கெனச் சில கருவிகளும் தோன்றின. வெர்மீர் என்னும் சிறு நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஃபிரன்ற்பேஜ் மென்பொருளை மைக்ரோசொஃப்ட் 1996இல் வாங்கிற்று. மக்ரோமீடியா நிறுவனம் 1997இன் இறுதியில் ட்றீம்வீவரை வெளியிட்டது. கடிதம் எழுதுவது போலவே பக்கம் அமைக்க இவை உதவின. ஆனால் ஃபிரன்ற்பேஜின் சில வசதிகள் இயங்குவதற்கு, மைக்ரோசொஃப்ட்டின் தனிப்பட்ட இணைப்பு மென்பொருளைச் சேவையகத்திலும் நிறுவவேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டுப் பதிப்புடன் ஃபிரன்ற்பேஜ் நின்றபோது, அவ்விணைப்பை நம்பியிருந்த தளங்கள் வேறு வழி தேடவேண்டியதாயிற்று. மக்ரோமீடியாவின் ஃபிளாஷ் முறையில் முழுத் தளத்தையுமே அமைத்தோரின் நிலை இதனிலும் கேடாயிற்று. அந்நிறுவனத்தை 2005இல் வாங்கிய அடோபி, 2020 டிசெம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை முடித்துக்கொண்டது. பேர்னேர்ஸ் லீ எழுதிய முதற் பக்கங்களை இன்றைய உலாவிகளிலும் வாசிக்கலாம். அவற்றினும் மிகப் பிந்திய ஃபிளாஷ் தளங்களை அவ்வாறு வாசிக்க முடியாது.

உள்ளடக்கமும் வடிவமும்

கையால் எழுதிய தளத்திற்கு இயல்பான எல்லை ஒன்றுண்டு. நூறு பக்கங்களின் அடியிலும் நிலையத்தின் செயலாளர் பெயர் இருக்கின்றதெனின், செயலாளர் மாறும்போது நூறு கோப்புகளையும் திறந்து திருத்தவேண்டும். பத்திரிகை நிறுவனங்களுக்கு இது பெருஞ்சுமையாயிற்று. எழுத்தைத் தரவுத்தளம் ஒன்றில் அட்டவணைகளாகச் சேமித்தல், பக்கத்தின் தோற்றத்தை வார்ப்புரு என்னும் அச்சாகத் தனியே வைத்தல், வாசகர் கேட்கும் கணத்தில் இரண்டையும் சேர்த்துப் பக்கத்தை ஆக்கி அனுப்புதல் என்ற வழி அப்போது கண்டுபிடிக்கப்பட்டது. எழுதுவோர் எழுத்தை மட்டும் கவனிக்கலாம். வடிவமைப்போர் வார்ப்புருவை மட்டும் கவனிக்கலாம். உள்ளடக்க முகாமைத்துவ முறைமை என இன்று வழங்கும் மென்பொருள்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

இவ்வகை மென்பொருள்கள் முதலிற் பெருநிறுவனங்களுக்கென்றே செய்யப்பட்டன. 1990களின் பிற்பகுதியில் விக்னெற் நிறுவனத்தின் ஸ்ரோரிசேவர் போன்றவற்றை வாங்குவதற்குப் பல்லாயிரக்கணக்கான டொலர் வேண்டியிருந்தது. சிறுசஞ்சிகைகளும் சங்கங்களும் அவற்றை எண்ணிப்பார்க்கவும் இயலாது.

இந்நிலையை மாற்றியவை கட்டற்ற மென்பொருள்கள். அமெரிக்கரான றிச்சேட் ஸ்ரோல்மன் 1983இல் க்னூ திட்டத்தை அறிவித்து, 1989இல் அதன் பொது உரிமத்தின் முதற் பதிப்பை வெளியிட்டார். மென்பொருளை எவரும் எந்நோக்கத்திற்காகவும் இயக்கலாம், அதன் மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். மாற்றியதை வழங்குவோர் பெறுவோர்க்கும் அதே உரிமைகளை அளிக்கவேண்டும். சட்டமொழியில் எழுதப்பட்ட இச்சில விதிகளின் சமுதாய விளைவு பெரிது. 1991இல் ஹெல்சிங்கி மாணவரான லினஸ் ரோவால்ட்ஸ் தொடக்கிய லினக்ஸ், 1995இல் தோன்றிய அப்பாச்சி சேவையகம், அதே ஆண்டு சுவீடனில் உருவான மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், கிறீன்லாந்திற் பிறந்த றாஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி. நிரல்மொழி ஆகிய நான்கும் சேர்ந்து, மலிவான கணினியொன்றையே முழு அச்சகமாக்கும் ஆற்றலைத் தந்தன. உரிமங்கள் தம்முள் வேறுபட்டாலும் நான்கின் மூலநிரலையும் எவரும் பெறலாம் என்பது பொது.

பிரிந்து செல்லும் உரிமை

இந்நான்கின் மீது எழுந்த முகாமைத்துவ மென்பொருள்களின் வரலாறு, மனிதர் ஒன்றுகூடியதும் பிணங்கியதும் பிரிந்து சென்றதுமான வரலாறாகும்.

பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் பல்கலைக்கழக விடுதி மாணவர் சிலர் தம்முட் செய்தி பரிமாற ஓர் அறிவித்தற்பலகையை ஆக்கினர். அவர்களுள் ஒருவரான ட்ரீஸ் பாய்ற்றார்ற், டச்சு மொழியிற் கிராமம் எனப் பொருள்படும் சொல்லை அதன் பெயராகப் பதிய முனைந்து, எழுத்துப்பிழையாகத் துளி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைத் தட்டிவிட்டார். பிழையே பெயராக நிலைத்தது. 2001 ஜனவரியில் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டபோது, துளியைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து ட்ரூபல் என்ற பெயர் பிறந்தது.

அவுஸ்திரேலியாவின் மீரோ நிறுவனம் மாம்போ என்னும் மென்பொருளைப் பொது உரிமத்தில் வெளியிட்டிருந்தது. அதனை வளர்த்தோர் பல நாட்டுத் தொண்டர்கள். 2005இல் அந்நிறுவனம் மாம்போவை ஆளுவதற்கு அறக்கட்டளையொன்றை அமைத்தபோது, அதில் தமக்கு உரிய இடமில்லை எனக் கண்ட முதன்மை நிரலாளர்கள் ஓகஸ்ட் மாதத்தில் வெளியேறினர். மூலநிரலையும் தம்முடன் கொண்டுசென்றனர். உரிமம் அதற்கு இடங்கொடுத்தது. அடுத்த மாதமே ஜூம்லா என்ற புதுப்பெயரில் அதன் முதற் பதிப்பு வெளிவந்தது. எல்லோரும் சேர்ந்து எனப் பொருள்தரும் சுவாகிலிச் சொல்லிலிருந்து அப்பெயர் எடுக்கப்பட்டது. மாம்போவை இன்று எவரும் பேசுவதில்லை. பெயர்ப்பலகை நிறுவனத்திடம் எஞ்சியது. உழைத்தவரோடு உழைப்பின் பயன் சென்றது.

வேர்ட்பிரஸின் பிறப்பு இதனிலும் பாடம் நிறைந்தது. கோர்சிக்காத் தீவினரான மிஷேல் வால்திரிகி 2001இல் பீ-2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதினார். சிறிது காலத்தில் அதன் வளர்ச்சி நின்றது. டெக்சாஸ் மாநிலத்து மாணவரான மற் மலன்வெக், அப்போது 19 வயதினர், அம்மென்பொருளைத் தாம் எடுத்துத் தொடரலாமே என 2003 ஜனவரியில் எழுதினார். இங்கிலாந்தின் ஸ்ரொக்போட் நகரிலிருந்து மைக் லிற்றில் தாமும் உதவுவதாக விடையளித்தார். 2003 மே 27இல் வேர்ட்பிரஸின் முதற் பதிப்பு வெளிவந்தது. பீ-2 பொது உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தமையால் இவர்கள் எவரிடமும் அனுமதி கேட்க நேரவில்லை. ஆக்கியவர் ஒதுங்கினும் ஆக்கம் அநாதையாகவில்லை.

அக்காலத்து வலைப்பதிவர் பலரின் கருவி மூவபிள் ரைப் என்பது. அதனை ஆக்கிய நிறுவனம் 2004 மேயில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டபோது, இலவசப் பதிப்பில் ஓர் எழுத்தாளரும் மூன்று வலைப்பதிவுகளும் மட்டுமே எனக் கட்டுப்பாடு விதித்துப் பிறர்க்குக் கட்டணம் நிர்ணயித்தது. விலை கேட்டது குற்றமன்று, உழைத்தோர் உண்ணவேண்டும். ஆயினும் விதிகள் இடைநடுவில் ஒருதலையாக மாறக்கூடும் என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர். பலர் வேர்ட்பிரஸுக்குக் குடிபெயர்ந்தனர். தம் எழுத்தை ஒரு கருவியிலிருந்து வெளியேற்றி மற்றொன்றில் இறக்குதல் இயல்வதாயிருந்தமையே அதனைச் சாத்தியமாக்கிற்று. இன்று உலகின் இணையத்தளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டவை வேர்ட்பிரஸில் இயங்குவதாக இத்துறைக் கணக்கெடுப்புகள் கூறுகின்றன.

எளிமையின் விலை

சேவையகம், தரவுத்தளம் என்ற சொற்களைக் கேட்டே அஞ்சுவோர்க்கென மற்றொரு வழியும் திறந்தது. 2003இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்குவெயர்ஸ்பேஸ், 2006இல் இஸ்ரேலில் தொடங்கிய விக்ஸ் போன்றவை, இடமும் கருவியும் பராமரிப்பும் சேர்த்து மாத வாடகைக்கு அளிக்கின்றன. ஒரே மாலையில் அழகிய தளமொன்றை அமைத்துவிடலாம். இவற்றைப் பழித்தல் நமது நோக்கமன்று. பலருக்கு இவை உண்மையாகவே உதவியுள்ளன. ஆனால் வாடகை வீட்டின் இயல்பு இவற்றிற்கும் உண்டு. மூலநிரல் நிறுவனத்தினுடையது. எழுத்தைப் பகுதியாக வெளியே எடுக்க முடியினும், தளத்தை அமைத்த வடிவத்தோடு பெயர்த்து வேறிடத்தில் இயக்குதல் பெரும்பாலும் இயல்வதில்லை.

செயலிகளின் உலகிலே இப்பிடி இன்னும் இறுகிற்று. 2008 ஜூலையில் அப்பிள் நிறுவனம் தனது செயலிக் கடையைத் திறந்தது. வலையில் எவரும் எவரையும் கேளாமற் பக்கம் வெளியிடலாம். செயலிக்கோ கடைக்காரரின் ஒப்புதல் வேண்டும். விற்பனையில் நூற்றுக்கு முப்பது வரை கடைக்குச் செலுத்தும் வழக்கமும் அங்கே தோன்றிற்று.

செயலியாக்குவோர் பலர் தரவைச் சேமிக்கும் வேலையைப் பாஸ் என்ற சேவையிடம் விட்டிருந்தனர். அதனை 2013இல் பேஸ்புக் வாங்கிற்று. 2016 ஜனவரியில் அச்சேவை ஓராண்டில் மூடப்படும் என அறிவிப்பு வந்தது. 2017 ஜனவரியில் மூடப்பட்டது. மூடுமுன் அதன் சேவையக நிரல் பொதுவில் வெளியிடப்பட்டமையால், வல்லவர்கள் தம் செயலிகளைத் தமது இடத்திற்குப் பெயர்த்துக்கொண்டனர்.

ஜியோசிற்றீஸ் எழுத்தாளர்க்கு அவ்வாய்ப்பும் கிட்டவில்லை. 2009 ஒக்டோபர் 26இல் யாஹூ அதனை மூடிற்று. ஆர்க்கைவ் ரீம் என்னும் தொண்டர் குழுவும் இன்ரநெற் ஆர்க்கைவ் நிலையமும் இரவு பகலாகப் பக்கங்களைப் படியெடுத்து ஒரு பகுதியைக் காப்பாற்றின. பதினைந்தாண்டுக் கால மக்கள் எழுத்தில் எஞ்சியவை அழிந்தன. எவரும் அதற்குத் தீயிடவில்லை. கணக்குப் புத்தகத்தில் இலாபம் குறைந்தது, அவ்வளவே.

தீராத முரண்பாடு

கட்டற்ற மென்பொருளைத் தெரிந்தால் யாவும் நலமே என்று கூறிவிடவும் நாம் விரும்பவில்லை. 2015 நவம்பரில் வெளிவந்த ட்ரூபலின் எட்டாம் பதிப்பு, பழையதினின்றும் பெரிதும் வேறாக மீள எழுதப்பட்டது. பெருநிறுவனங்களுக்கு அது பொருத்தமாயிற்று. ஏழாம் பதிப்பிலிருந்த சிறு சங்கங்களோ தளத்தைப் புதிதாகவே கட்டவேண்டிய நிலைக்கு ஆளாயின. ஏழாம் பதிப்பிற்கான ஆதரவு 2025 ஜனவரியில் முடிந்தது. கிராமம் என்ற எண்ணத்திற் பிறந்த கருவி நகரத்தாருக்குரியதாயிற்று. பழைய வழியை விரும்பியோர் அதே மூலநிரலிலிருந்து பக்ட்றொப் என்னும் கிளையை 2015இல் வெளியிட்டனர் என்பதையும் சேர்த்துக் கூறுதல் நேர்மையாகும்.

வேர்ட்பிரஸிலும் முரண்பாடு வெடித்தது. அதன் இணைத்தாபகரான மலன்வெக், ஓட்டோமற்றிக் என்னும் வாணிப நிறுவனத்தின் தலைவருமாவார். வேர்ட்பிரஸ் தளங்களுக்கு இடமளிக்கும் டபிள்யூ.பி. என்ஜின் நிறுவனம், பொது முயற்சிக்குப் போதிய பங்களிப்புச் செய்யவில்லை என்றும் வணிகக்குறியை முறைகேடாகப் பயன்படுத்துகின்றது என்றும் அவர் 2024 செப்ரெம்பரிற் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டினார். மென்பொருளின் புதுப்பிப்புகள் வழங்கப்படும் பொதுத் தளத்திலிருந்து அந்நிறுவனம் தடுக்கப்பட்டது. அது ஒக்டோபரில் வழக்குத் தொடர்ந்தது. அதே மாதம் அந்நிறுவனத்தின் சொருகி ஒன்றும் பொதுக் களஞ்சியத்தில் வேறு பெயருடன் கையேற்கப்பட்டது. டிசெம்பரில் கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் பழைய நிலையை மீட்குமாறு இடைக்காலத் தடையுத்தரவிட்டது.

நியாயம் எப்பக்கம் என்பதை இங்கு நாம் ஆராயவில்லை. இச்சண்டையிற் சம்பந்தப்படாத எத்தனையோ சிறு தளங்கள் புதுப்பிப்பின்றித் தவித்தன என்பதே நமது கவனத்துக்குரியது. மூலநிரல் யாவர்க்கும் பொதுவாயிருப்பினும், அதனை வழங்கும் வாயில், வணிகக்குறி, முடிவெடுக்கும் அதிகாரம் ஆகியன சிலர் கையிற் குவியலாம். சட்டத்தால் உறுதிசெய்யப்பட்ட சுதந்திரத்திற்கும் நடைமுறைச் சுதந்திரத்திற்கும் இடையேயுள்ள இவ்வேறுபாட்டைச் சமுதாய வரலாறு படிப்போர் நன்கறிவர்.

நமது அனுபவம்

இவ்வரலாறு நம்மைத் தொடாத பிறநாட்டுச் செய்தி அன்று. யூனிக்கோடு தரத்தின் 1991ஆம் ஆண்டு முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. ஆயினும் சாதாரணக் கணினிகள் அதனைக் கையாளப் பல ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்திற் பாமினி முதலான எழுத்துருக்களைக் கொண்டு நம்மவர் எழுதினர். ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்துவதே அவற்றின் உத்தி. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும், தேடினும் அகப்படாது. தரமற்ற குறிமுறையிற் சேமித்த எழுத்தும் ஒருவகையிற் சிறைப்பட்ட எழுத்தே என்பதை நாம் பட்டறிந்தோம். குறிமாற்றிகள் எழுதப்பட்ட பின்னரே அவற்றிற் பல மீண்டன.

கட்டற்ற கருவிகளைக் கொண்டு நமது நாடு செய்ததும் சிறிதன்று. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் நிகழ்ந்த சில நாட்களுள், இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாக ஒன்றுகூடிச் சஹானா என்னும் வலைமென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, எவ்விடத்தில் எப்பொருள் தேவை என்ற குறிப்பு ஆகியன அதன் உறுப்புகள். பி.எச்.பி. மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் கையருகே இலவசமாயிருந்தமையால், எந்த நிறுவனத்தின் உரிமத்திற்கும் காத்திராமல் அவ்வேலை நடந்தது. தாம் ஆக்கியதையும் அவர்கள் பொதுவில் வைத்தனர். 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் பின்னரும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின் பின்னரும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, சமூகப் பயனுக்கான தனது 2006ஆம் ஆண்டுப் பரிசைச் சஹானாவுக்கு அளித்தது. கருவியை வாங்குவோராக மட்டும் எண்ணப்பட்ட நாடொன்று, கருவியை உலகுக்கு வழங்கும் நாடாகவும் விளங்கியது.

2005இல் தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகமும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் படியெடுத்து எவரும் இலவசமாக வாசிக்க அது வழிசெய்துள்ளது. விக்கிப்பீடியாவுக்கென எழுதப்பட்ட மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளே அதன் அடித்தளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களை இழந்தவர் நாம். ஏட்டுச்சுவடிகளும் பழம் பத்திரிகைகளும் மீளாதபடி சென்றன. ஒரே இடத்தில், ஒரே படியாக எதனையும் வைத்திருத்தல் எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பிறர் நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

தெரிவு செய்வோர் கேட்கவேண்டியவை

நாம் தொடங்கிய சனசமூக நிலையத்திற்குத் திரும்புவோம். அதற்கு இன்ன கருவியே தகும் என ஒரே விடையை வரலாறு தரவில்லை. கேட்கவேண்டிய கேள்விகளைத் தந்திருக்கின்றது.

முதலாவது, வெளியேறும் வழி. எழுத்தையும் படங்களையும் முழுமையாக, வேறு மென்பொருள் வாசிக்கக்கூடிய வடிவில் எடுத்துச் செல்ல முடியுமா? வாக்குறுதியை நம்பாமல், தளம் அமைத்த முதல் மாதத்திலேயே ஒருமுறை எடுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு எடுத்த படிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பெயர். தளத்தின் ஆள்களப் பெயர் நிலையத்தின் பேரிற் பதியப்பட்டுள்ளதா, அன்றி அமைத்துக் கொடுத்தவரின் பேரிலா? பெயர் நம்மிடம் இருப்பின், நாளை கருவியை மாற்றினும் வாசகர் அதே முகவரியில் நம்மைக் காண்பர்.

மூன்றாவது, பராமரிக்கும் கை. வேர்ட்பிரஸ் போன்றவற்றைச் சொந்த இடத்தில் இயக்குவோர், மென்பொருளையும் சொருகிகளையும் தவறாது புதுப்பித்தல் வேண்டும். தவறின் தீயோர் புகுவர். அதற்கு ஆளில்லாத நிலையம் அளவுக்கு மீறிய கருவியைத் தெரிதல் பேதைமை. ஆண்டில் நான்கு முறை மட்டும் மாறும் தளத்திற்குத் தரவுத்தளமே வேண்டியதில்லை. 2008இல் வெளிவந்த ஜெக்கில் போன்ற கருவிகள், வெறும் எழுத்துக் கோப்புகளிலிருந்து பக்கங்களை முன்கூட்டியே ஆக்கித் தருகின்றன. கையால் எழுதிய காலத்தின் எளிமையும் வார்ப்புருவின் வசதியும் அவற்றில் ஒன்று சேர்கின்றன. வாடகைத் தளமே இயலுமெனின், முதலிரு கேள்விகளுக்கும் விடை கண்டபின் அதனையும் ஏற்கலாம்.

நான்காவது, செயலி வேண்டுமா என்பது. கைத்தொலைபேசியில் நன்கு வாசிக்கக்கூடிய தளமொன்றே பெரும்பாலான சங்கங்களுக்குப் போதும். கடைக்காரரின் ஒப்புதலை நாடுமுன், அந்த ஒப்புதல் இல்லாமலே நம் வேலை நடக்குமா எனப் பார்த்தல் நன்று.

இக்கேள்விகளைக் கேட்பதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. செயற்குழுவில் அமரும் ஆசிரியரும் விவசாயியும் கடைக்காரரும் இவற்றைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கருவி பற்றிய முடிவை ஓர் இளைஞரின் தனிப்பொறுப்பாக விடாது, பொதுக்கூட்டத்தில் வைத்து விவாதித்தல் முதற்படி. தளத்தின் கடவுச்சொல் யார் யாரிடம் உள்ளது, பெயர் யார் பேரில் உள்ளது, படிகள் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்பனவற்றை நிலையத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்திற் பதிந்து, ஆண்டுதோறும் பொதுக்கூட்டத்திலே வாசித்தல் அடுத்த படி. இளைஞர் வெளிநாடு போனாலும், நிறுவனம் கைமாறினாலும், அப்புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறை தொடரலாம்.